முதல் 18 எபிசோடுகள் யாருடையவை?

வாசகி ஒருவர் நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

பகலில் அலுவலக வேலை, இரவில் டேப்லெட்டில் படம். புனைபெயரில் நான்கு வருடங்களாக ஒரு வெப்காமிக் (இணையத்தில் வரும் படக்கதை) வரைகிறார். வாரம் ஒரு எபிசோட், தன் சொந்தத் தளத்திலும் சமூக ஊடகப் பக்கத்திலும் இலவசமாகப் போடுகிறார். கொஞ்சம் பேர் மாதச் சந்தா கட்டி இரண்டு எபிசோடுகளை முன்கூட்டியே படிக்கிறார்கள். அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது, தெரியவும் கூடாது.

இப்போது ஒரே சமயத்தில் மூன்று விஷயங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. லட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஒரு நகைச்சுவைப் பக்கம் இவருடைய பேனல்களை, அதாவது கட்டம் கட்டமான படங்களை, ஓரத்தில் இருந்த கையெழுத்தை வெட்டிவிட்டு, தொடர்ந்து போடுகிறது. கேட்டதற்கு, "நெட்டில் இலவசமாகப் போட்டதுதானே, நாங்கள் கலரையும் மாற்றியிருக்கிறோம், உங்களுக்கும் விளம்பரம்தான்" என்று பதில். அடுத்து, ஸ்க்ரோல் செய்து படிக்கும் காமிக்ஸ் தளம் ஒன்று இவருடைய தொடரைக் கேட்டு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. பத்து நாளில் கையெழுத்து வேண்டுமாம். அப்புறம், இரண்டு வாரம் எபிசோட் வராததால் ஒரு சந்தாதாரர், "காசு கொடுக்கிறோம், கதை எப்படிப் போகணும்னு சொல்ல எங்களுக்கும் உரிமை இருக்கு" என்று எழுதியிருக்கிறார்.

கடிதத்தின் நடுவே, போகிற போக்கில் ஒரு வரி: "முதல் 18 எபிசோடுகளுக்குக் கதையும் வசனமும் எழுதியது என் கல்லூரி நண்பன். அப்புறம் அவனுக்கு நேரமில்லை. 'நீயே வச்சுக்கோ' என்று சொல்லிவிட்டான், அதனால் அதில் பிரச்சினை இல்லை."

கேள்விகள்: பதிவு செய்யாத படைப்புக்கு உரிமை உண்டா, அந்தப் பக்கத்தின் மேல் வழக்குப் போடலாமா, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா, வேலையை விடலாமா.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் அந்தத் திருட்டுப் பக்கத்தைப் பற்றியது. கோபம் நியாயம்தான். ஆனால் ஒரு வழக்கறிஞராக என்னைத் தூக்கிவாரிப் போட வைத்தது "பிரச்சினை இல்லை" என்று நீங்கள் தாண்டிப்போன அந்த நண்பர் விவகாரம். அந்தப் பக்கத்தால் உங்களுக்குப் போவது கொஞ்சம் பெயரும் கொஞ்சம் நிம்மதியும். நண்பர் விஷயத்தைத் தீர்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் தொடரே கையைவிட்டுப் போகலாம், கூடவே பணமும் கட்ட வேண்டி வரலாம். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு

நீங்கள் வரைந்து சேமித்த கணமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிட்டது. பதிப்புரிமைக்காக 1886-இல் உருவான பெர்ன் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. எந்தச் சடங்கும் இல்லாமல் உரிமை கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. ஓரத்தில் வட்டத்துக்குள் சி போட மறந்தாலும் போகாது, புனைபெயரில் எழுதினாலும் போகாது. இலவசமாகப் படிக்க விட்டது படிக்கக் கொடுத்த அனுமதி, அவ்வளவுதான். எடுத்து வேறு இடத்தில் போட யாருக்கும் அதனால் உரிமை வந்துவிடாது. கலரை மாற்றினோம் என்கிற சமாதானம் அவர்களுக்கே எதிரானது, ஏனென்றால் மாற்றி அமைக்கும் உரிமையும் உங்களுடையதே. இத்தனை சதவீதம் மாற்றினால் தப்பு இல்லை என்று ஒரு கணக்கு நெட்டில் சுற்றுகிறதே, அப்படி ஒரு சட்டம் எனக்குத் தெரிந்து எங்கும் கிடையாது. உங்கள் பெயரை அவர்கள் போட்டிருந்தாலும் அது மரியாதை மட்டுமே, அனுமதி ஆகாது.

பதிவு வீண் என்று அர்த்தமில்லை. சில நாடுகளில் அது நல்ல ஆதாரம். அமெரிக்காவில் அந்நாட்டுப் படைப்பாக இருந்தால் பதிவு செய்யாமல் வழக்கே போட முடியாது, உரிய காலத்தில் பதிவு செய்திருந்தால்தான் சட்டம் நிர்ணயித்த இழப்பீட்டைக் கேட்க முடியும். எப்படியானாலும் லேயர் (பட அடுக்கு) கலையாத மூல ஃபைல்களையும், தேதியோடு இருக்கிற பென்சில் வரைவுகளையும் இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள்.

அந்தப் பக்கத்தை என்ன செய்வது

வழக்கு வேண்டாம். செலவும் அலைச்சலும் கிடைப்பதைவிட அதிகம், அதுவும் யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஒரு பக்கத்தின் மேல். பெரிய சமூக ஊடகத் தளங்கள் எல்லாவற்றிலும் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் வந்த டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, முறையான புகார் வந்தால் தளம் அந்தப் பதிவை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பொறுப்பு தளத்தின் தலையில் விழும். அதனால்தான் வேகமாக எடுக்கிறார்கள். எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பினால், நீங்கள் நீதிமன்றத்துக்குப் போனதாகத் தகவல் தராத பட்சத்தில், 10 முதல் 14 வேலை நாட்களில் பதிவு திரும்ப வந்துவிடலாம். திருட்டுப் பக்கங்கள் பெரும்பாலும் மறுப்பு அனுப்புவதில்லை, தொடர்ந்து புகார் வந்தால் கணக்கே போய்விடும் என்ற பயம் அவர்களுக்கும் உண்டு.

ஆனால் உங்களுக்கு மட்டும் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, படிவத்தைத் திறக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். புகாரில் தொடர்பு விவரங்கள் தர வேண்டும், பல தளங்கள் அதை எதிர்த்தரப்புக்கு அப்படியே அனுப்பிவைக்கும். அலுவலகத்துக்குத் தெரியாமல் நான்கு வருடம் காப்பாற்றிய பெயரை, கையெழுத்தை வெட்டிய ஆளின் கையிலேயே கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது. உங்கள் சார்பில் வேறொருவர், அதாவது ஒரு வழக்கறிஞரோ அதிகாரம் பெற்ற முகவரோ, புகார் தரலாம். இந்தச் செலவு வீண் போகாது. படிவத்தில் தெரிந்தே பொய்யான தகவல் தந்தால் அதற்கே சட்டப்படி பதில் சொல்ல வேண்டி வரும் என்பதால், முதல் 18 எபிசோடுகளிலிருந்து எடுத்த பேனல்களுக்கு இப்போதைக்குப் புகார் தர வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

நடைமுறையில் இன்னொன்றும் செய்யுங்கள். கையெழுத்தை ஓரத்திலிருந்து படத்துக்குள் கொண்டுவாருங்கள்: சுவரில், சட்டை மடிப்பில், மேசை விளிம்பில். ஒவ்வொரு எபிசோடிலும் எந்த இரண்டு பேனலை ஜனங்கள் தனியாக வெட்டி எடுப்பார்கள் என்று வரையும்போதே உங்களுக்குத் தெரியும், அவற்றுக்குள் கட்டாயம் இருக்கட்டும். தீப்பிடித்த அறையில் உட்கார்ந்து எல்லாம் நலம் என்று சொல்லும் நாய்ப் படம் உலகமே பார்த்தது. கே.சி. கிரீன் 2013-இல் வெளியிட்ட ஆறு பேனல் காமிக்கின் முதல் இரண்டு பேனல்கள் அவை. மீதி நான்கும் அவர் பெயரும் அந்தப் படத்தைப் பகிர்ந்த பெரும்பாலானோருக்குப் போய்ச் சேரவில்லை. பின்னாளில் அவரே அந்த நாயைப் பொம்மையாகச் செய்து விற்றார் என்பது வேறு கதை.

பெரிய வாட்டர்மார்க் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். திருடனைவிட வாசகனுக்குத்தான் அது தொந்தரவு.

நண்பர் விஷயம்

சரி, முக்கியமானதுக்கு வருவோம். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் நண்பர் சும்மா ஐடியா சொன்னவர் கிடையாது. ஐடியாவுக்குப் பதிப்புரிமை இல்லை, "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல மாட்டிக்கிட்டா எப்படி இருக்கும்" என்று பேசிக்கொண்டிருந்ததோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். அவர் எபிசோட் வாரியாக ஸ்கிரிப்ட் எழுதிச் சாட்டில் அனுப்பியிருக்கிறார், இரண்டு முக்கியப் பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் கொடுத்தவர் அவர். எழுத்து அவருடையது, படம் உங்களுடையது. இரண்டும் சேர்ந்த அந்த 18 எபிசோடுகளைப் பல நாட்டுச் சட்டங்கள் கூட்டுப் படைப்பாகப் பார்க்கும்; அப்படிப் பார்க்காத இடத்திலும் வசனம் அவருடைய தனிப் படைப்பாக நிற்கும். எப்படிப் பார்த்தாலும் அவரைத் தாண்டிப் போக முடியாது. 19-ஆம் எபிசோடிலிருந்து நீங்களே எழுதியிருந்தாலும், அவர் உருவாக்கிய பாத்திரங்கள்தானே அதிலும் நடமாடுகிறார்கள்?

"நீயே வச்சுக்கோ" என்று சொன்னது அவருடைய பெருந்தன்மை. சட்டத்துக்கு அது போதாது. உரிமையை முழுதாக மாற்றிக் கொடுக்க எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று அமெரிக்கா, பிரிட்டன் உட்படப் பல நாடுகள் சொல்கின்றன. வாயால் சொன்னதை "நீ தொடர்ந்து வரைஞ்சுக்கோ" என்ற அனுமதியாக வேண்டுமானால் காட்டலாம். ஒரு நிறுவனத்துக்கு எல்லா உரிமையையும் தூக்கிக் கொடுக்கிற அனுமதியாக யாரும் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மட்டும் தனி உரிமை (வேறு யாருக்கும் கிடைக்காத உரிமை) கொடுத்தால் அது செல்லாது, அமெரிக்கா போலத் தாராளமான சட்டம் உள்ள இடத்திலும் செல்லாது.

இப்போது உங்களுக்கு வந்த ஒப்பந்தத்தில் உத்தரவாதம் என்ற தலைப்பில் இருக்கும் பத்தியைத் திரும்பப் படியுங்கள், நீங்கள் அனுப்பிய பக்கங்களில் கடைசிக்கு முந்தையது. "இப்படைப்பின் ஒரே உரிமையாளர் நானே, வேறு எவருக்கும் இதில் பங்கில்லை, அப்படி யாராவது கேட்டுவந்தால் தளத்துக்கு ஏற்படும் எல்லா இழப்பையும் வழக்குச் செலவையும் நானே ஏற்பேன்" என்பதுதான் அதன் சாரம். இப்படி ஒரு பத்தி இல்லாத ஒப்பந்தத்தை நான் பார்த்ததே இல்லை, அதனால் தளத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைய நிலையில் நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டால் எழுதிக் கொடுப்பது உண்மையல்ல. தொடர் ஓடாவிட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நன்றாக ஓடி, அனிமேஷன் பேச்சு வரும்போதுதான் நண்பருக்கோ அவர் வீட்டாருக்கோ பழைய சாட் ஞாபகம் வரும். இதில் யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே தளத்துக்குப் பதில் எழுதும் முன் நண்பருக்கு எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ் பாணியில் வேண்டாம், வழக்கமாக நீங்கள் பேசுகிற மாதிரியே: "முதல் 18 எபிசோடும் நீ எழுதினது. இப்ப ஒரு தளம் தொடரைக் கேக்குது. உன் பேர் எப்படி வரணும், வர்ற பணத்துல உனக்கு என்னன்னு பேசி ஒரு தாள்ல எழுதிக்கலாமா?" இப்படி எழுதுவது அவர் பங்கை ஒப்புக்கொண்டதாக ஆகாதா என்று யாராவது உங்களைப் பயமுறுத்தலாம். ஆகும்தான். அது உண்மை, சாட்டில் ஏற்கெனவே இருக்கிற உண்மை. மறைப்பதால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

அந்தத் தாளில் வர வேண்டியவை: எந்தெந்த எபிசோடுகளின் எழுத்து அவருடையது, அதன் உரிமையை உங்களுக்கு மாற்றித் தருகிறாரா அல்லது அனுமதி மட்டும் தருகிறாரா, அந்தப் பாத்திரங்களைத் தொடர்ந்தும் வேறு ஊடகத்திலும் பயன்படுத்தலாமா, அவர் பெயர் எங்கே வரும், பணம் எவ்வளவு எப்போது. உரிமை மாற்றமே உங்களுக்கு நல்லது. பணத்தில் ஒரு தடவை மொத்தமாகக் கொடுத்து முடிப்பது சுலபம், ஆனால் தொடர் பெரிதாக ஓடினால் அந்தத் தொகை பிறகு இருவருக்குமே உறுத்தும். என் விருப்பம் என்னவென்றால், அந்த 18 எபிசோடுகளின் வருமானத்தில் நல்ல பங்கும், படமாகவோ அனிமேஷனாகவோ போனால் மொத்தத்தில் சிறு பங்கும். அவர் இலவசமாகவே தந்தாலும் ஏதாவது ஒரு தொகை கொடுத்து ரசீது வாங்குங்கள். சில நாடுகளில் கைமாறாக ஏதும் தராத ஒப்பந்தம் பலவீனமானது.

அவர் மறுத்தால்? தொடரை 19-இலிருந்து தளத்துக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லத் தோன்றும். பாத்திரங்கள் அவருடையவை என்பதால் பாதி தீர்வுதான் அது. முதல் பகுதியைப் புதுக் கதையோடும் புதுப் பெயர்களோடும் திரும்ப வரையலாம், ஆறேழு மாத வேலை. இல்லையென்றால் இந்தத் தொடரை இப்படியே இலவசமாக ஓடவிட்டு, தளத்திடம் புதிய தொடர் ஒன்றைக் காட்டலாம். மூன்றில் எனக்குக் கடைசியானதுதான் பிடிக்கிறது, ஆனால் வரைகிற கை உங்களுடையது.

ஒப்பந்தத்தில் வேறு என்ன இருக்கிறது

முதலில் அந்தப் பத்து நாள். தளம் எங்கும் ஓடிப்போய்விடாது, நான்கு வருடம் ஓடிய தொடர் பதினொன்றாம் நாள் கசந்துவிடாது. "வழக்கறிஞரிடம் காட்டுகிறேன், ஒரு மாதம் அவகாசம் வேண்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்கே மறுக்கிற இடமென்றால் பின்னாளில் கணக்குக் கேட்டால் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது இப்போதே தெரிந்துவிட்டது.

"எல்லா ஊடகங்களிலும், எல்லா மொழிகளிலும், நிரந்தரமாக" என்று இருக்கிறதே, அதைத்தான் பேரத்தில் உடைக்க வேண்டும். அவர்கள் நடத்துவது ஸ்க்ரோல் தளம், அதற்கு வேண்டியது டிஜிட்டல் வெளியீட்டு உரிமை மட்டும். அதைத் தனி உரிமையாகவே மூன்று நான்கு வருடத்துக்குக் கொடுங்கள். அச்சுப் புத்தகம், பொம்மை, அனிமேஷன் ஆகியவற்றுக்கு முதலில் அவர்களோடு பேசுவதாக மட்டும் ஒப்புக்கொள்ளலாம். தளமே மூடிப்போனாலும், தொடரை அவர்கள் நிறுத்தினாலும், உரிமை தானாகத் திரும்பும் என்று ஒரு வரி இருந்தாக வேண்டும், இப்போது இல்லை. உங்கள் படங்களை வைத்துச் செயற்கை நுண்ணறிவு மாடல்களுக்குப் பயிற்சி தரலாமா என்பது பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. "எல்லாப் பயன்பாடுகளும்" என்ற சொற்களுக்குள் அதுவும் அடங்கிவிடும், வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுதச் சொல்லுங்கள்.

மாதாமாதம் தருவதாகச் சொல்லும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையைச் சம்பளம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது முன்பணம். மாதம் 1,000 வீதம் ஆறு மாதத்தில் 6,000 வாங்கியிருக்கிறீர்கள், அதே காலத்தில் வருமானத்தில் உங்கள் பங்கு 4,000 வந்தது என்று வையுங்கள்; மீதி 2,000 உங்கள் கணக்கில் பற்றாகத் தங்கும், அது கழிந்த பிறகே கூடுதலாக ஒரு காசு வரும். கழியாமலே ஒப்பந்தம் முடிந்தால் திருப்பித் தர வேண்டியதில்லை என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பங்கு "நிகர" வருமானத்தில் என்றால் எதையெல்லாம் கழிக்கிறார்கள் என்ற பட்டியல் கேளுங்கள், கணக்கைப் பார்க்கும் உரிமையும் கேளுங்கள்.

வாரம் 50 பேனல், முழு வண்ணம் என்கிறார்கள். நீங்கள் இப்போது தருவது 20. இது சட்டக் கேள்வி இல்லைதான், இருந்தாலும் மணிக்கட்டு ஒன்றுதான் இருக்கிறது. குறைந்தது பத்து எபிசோடு கையிருப்பு சேரும்வரை தொடங்க மாட்டேன் என்றும், சீசனுக்கு நடுவே இடைவெளி உண்டு, உடம்புக்கு முடியாமல் தாமதமானால் அபராதம் இல்லை என்றும் எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் தொடரை ஒரு வாசகர் ஆசையாக வேறு மொழியில் பெயர்த்துப் போடுகிறார் என்று சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். மொழிபெயர்ப்பு உரிமை உங்களுடையது, விருப்பமிருந்தால் அனுமதிக்கலாம். ஆனால் தனி உரிமை கொடுத்துக் கையெழுத்துப் போட்ட அன்றே அந்த அனுமதியைத் தர உங்களுக்கு அதிகாரம் போய்விடும். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திடீரென்று தளத்தின் புகார் போய் அவர் தலையில் இறங்குவது நன்றாக இருக்காது.

சந்தாதாரர்

அவர் வாங்கியது நீங்கள் விற்றதை: இரண்டு எபிசோடு முன்கூட்டி. கதையின் ஸ்டியரிங்கை அவருக்கு யாரும் விற்கவில்லை. ஆனால் இரண்டு வாரம் எபிசோட் வரவில்லை என்ற புகாரில் நியாயம் இருக்கிறது, அதைக் கோபத்தில் ஒதுக்காதீர்கள். அந்த மாதச் சந்தாவைத் திருப்பிக் கொடுங்கள் அல்லது அடுத்த மாதத்துக்கு நகர்த்துங்கள். படைப்பாளிகளுக்குச் சந்தா வசூலித்துத் தரும் பேட்ரியான் போன்ற தளங்களில் இடைவெளி எடுக்கும் மாதத்துக்குக் கட்டணம் பிடிப்பதை நிறுத்திவைக்கவே வசதி இருக்கிறது. சந்தா விவரத்தில் "வாரந்தோறும்" என்பதை எடுத்துவிட்டு "மாதம் மூன்று" என்று போடுங்கள். காட்சி காட்சியாக அவர் எழுதி அனுப்புவதைப் படிக்காமலே, "கதை யோசனைகளை நான் வாங்குவதில்லை, மன்னிக்கவும்" என்று அனுப்பிவிடுங்கள். ஒரு நண்பரின் ஸ்கிரிப்டுக்கே இவ்வளவு பாடு.

வேலையை விடலாமா

இந்த ஒப்பந்தத்தை நம்பி இப்போது விடாதீர்கள். முன்பணம் கழிந்து உங்கள் பங்கு தனியாக வரத் தொடங்கினால்தான் தொடர் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பது தெரியும், அதற்கு ஒரு வருடமாவது ஆகும். ஆனால் அதற்கும் முன்னால் உங்கள் அலுவலக நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். வெளி வருமானத்துக்கு அனுமதி வேண்டும் என்றோ, பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துடையது என்றோ ஏதாவது பத்தி இருக்கலாம். இருந்தால் அந்தப் பக்கத்தையும், தளத்தின் ஒப்பந்தத்தையும், நண்பரோடான பழைய சாட்டையும் சேர்த்து, உங்கள் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டுங்கள். நண்பரோடு எழுதிக்கொள்ளும் தாளை அவரே தயாரித்துக் கொடுப்பார்.